ஈரல் கடைக்கு வந்த பருத்திக் குடும்பம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனத்தில் ஊறி எழுந்ததல்ல. ஒரு பத்திரிகை ஆசிரியர் ஊற்றியது. விடுமுறைச் சிறப்பிதழுக்காகச் சென்னையிலிருந்து கூப்பிட்டார். "மத்தியதரைக்கடல் ஓரமா ஒரு ஊர், ஊர் சுத்த வந்த ஒரு குடும்பம், பக்கத்துக்குப் பக்கம் சாப்பாடு. படிக்கிறவங்களுக்கு நாக்கு ஊறணும். அழுகாச்சி மட்டும் வேணாம், போன இதழ் பூரா அதுதான்" என்றார்.

நான் அலெக்சாந்திரியாவில் குடியிருக்கிறேன். இங்கே துறைமுகத்தில் வேலை பார்ப்பவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, என் பிள்ளைகள் தமிழைவிட அரபியில் நன்றாகச் சண்டை போடும் அளவுக்குக் காலம் ஓடிவிட்டது. ஆகவே ஊர் கைவசம் இருந்தது, சாப்பாடும் இருந்தது. குடும்பம்தான் இல்லை. அதை மந்தரா கடற்கரையில் எனக்கு அடுத்த குடையின்கீழ் கண்டெடுத்தேன். அந்தக் குடைக்காரி பாதிக் கதையைச் சொன்னாள், மீதியை நான் போட்டு நிரப்பியிருக்கிறேன். எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.

தொடக்கம் மட்டும் அமையவில்லை. முதலில் எழுதியது இது:

மத்தியதரைக்கடலின் மணப்பெண் எனப்படும் அலெக்சாந்திரியா நீலப்பட்டு உடுத்தி நம்மை வரவேற்—

[நிறுத்திவிட்டேன். இந்த மணப்பெண் பேரன் பேத்தி எடுத்து, மூட்டுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவள். பட்டெல்லாம் சுற்றுலா விளம்பரத்தில்தான்.]

அடுத்தது:

இரும்புக் கல்லில் ஈரல் பொரிய, பூண்டும் சீரகமும் பச்சைமிளகாயும் சேர்ந்து எழுப்பிய வாசம் தெருமுனையைத் தாண்—

[பசித்துவிட்டது. எழுந்து போய்ச் சாப்பிட்டு வந்தேன். வந்து பார்த்தால் வாக்கியம் ஆறியிருந்தது.]

மூன்றாவது நின்றது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

2

ஹம்தி தன் மனைவிக்கு, அவள் பிறந்த ஊரைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

'இதுதான் கடல்' என்று சொல்லாத குறை. கடற்கரைச் சாலையில் காரை மெதுவாக உருட்டியபடி, "இங்கே காத்து வடமேற்கிலேருந்து அடிக்கும். அதனாலதான் மீனுக்கு இந்த ருசி" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்ஷிரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்யாணமாகிக் கெய்ரோவுக்குப் போகும்வரை அந்தக் காற்றில்தான் அவள் தலையை உலர்த்தியிருக்கிறாள்.

பின்சீட்டில் மகள் நிஹால். கல்லூரியில் படிக்கிறாள். வாய் கத்தி.

"டாடி, காத்துக்கும் மீன் ருசிக்கும் என்ன சம்பந்தம்?"

"அதெல்லாம் அனுபவத்திலே வர்றதும்மா."

"போன்லே பார்த்த அனுபவமா?"

ஹம்தி கெய்ரோவில் ஓர் அலுவலகத்தில் துணை மேலாளர். அலுவலகத்துக்கு வெளியே அவர் ஒரு நாக்கு. சாப்பிடுகிற எல்லாவற்றையும் படமெடுத்து, நாலு வரி தீர்ப்பெழுதி ஊருக்குப் போடுவார். எந்தத் தட்டு வந்தாலும் முதல் கவளம் அவருடைய போனுக்குத்தான். "பொறு, வெளிச்சம் சரியில்லே" என்று தட்டைத் திருப்பித் திருப்பி வைப்பார். அதற்குள் பொரித்த கணவாய் ரப்பராகிவிடும். அந்தக் குடும்பம் சூடாகச் சாப்பிட்டு வெகுகாலம் ஆகிறது.

இத்தனை கோடைகளில் அவர்கள் அலெக்சாந்திரியாவுக்கு வந்ததேயில்லை. கெய்ரோக்காரர்கள் எல்லாரும் வந்து விழும் ஊர் இது. ஹம்தி மட்டும் புறவழிச்சாலையில் ஊரை ஒதுக்கிக்கொண்டு, மேற்கே யாருமில்லாத கடற்கரைக்குப் போவார். "அங்கே தண்ணி சுத்தம்" என்பார். இந்த வருஷம் தப்ப முடியவில்லை. அவருடைய தலைமை மேலாளர் முக்தார் பே ('பே' என்பது இங்கே மரியாதைப் பட்டம்) அலெக்சாந்திரியாவில் கோடைக்கு வீடு எடுத்திருந்தார். வருஷக் கடைசியில் ஓய்வு பெறப்போகிறவர். காலியாகப்போகும் நாற்காலிக்கு யாரைக் கைகாட்டுவது என்று யோசித்துக்கொண்டிருப்பவர். "நீங்களும் குடும்பத்தோட வாங்களேன் ஹம்தி" என்று சொன்னார். நாற்காலியே வாய் திறந்து கூப்பிட்டது போல இருந்தது ஹம்திக்கு.

[ஒரு மொழிச் சிக்கல். இவர்கள் எல்லாரும் பேசியது அரபி. கெய்ரோக்காரர்களுக்கு நம் பட்டணத்து 'டாடி, மம்மி' பேச்சைக் கொடுத்துவிட்டேன், அங்கேயும் பெருமைக்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அலெக்சாந்திரியாக்காரர்களுக்கு எங்கள் ஊர்க் கடற்கரைத் தமிழ்: அப்பா வாப்பா, அம்மா உம்மா, அண்ணன் காக்கா, அண்ணி மைனி. அதிலும் ஒரு விசேஷம் உண்டு. இந்த ஊரார் 'நான்' என்று ஒருமையில் தொடங்கி வினையைப் பன்மையில் முடிப்பார்கள். நான் போறோம், நான் தின்கிறோம். கெய்ரோவில் இதைக் கேட்டால் கொல்லென்று சிரிப்பார்கள். புது மருமகளாகப் போன இன்ஷிராவைப் பார்த்தும் சிரித்தார்கள். அவள் சீக்கிரமே நாக்கைத் திருத்திக்கொண்டாள்.]

3

முக்தார் பே அவர்களை அபூகீரில் ஒரு மீன் உணவகத்துக்கு அழைத்தார். நல்ல மனிதர்தான். பெரிய வயிறு, அதைவிடப் பெரிய சிரிப்பு. பனிக்கட்டிமேல் அடுக்கியிருந்த மீன்களின்முன் நின்று ஹம்தி விரிவுரை ஆற்றினார். முக்தார் பே தலையாட்டிக்கொண்டே வேறு மீனை எடுக்கச் சொன்னார். தவிட்டில் புரட்டிச் சுட்ட மடவை வந்தது, பூண்டுக்கரைசல் வழிய இறால் வந்தது. எல்லாம் போனுக்குப் படையலாகி, ஆறி, மனிதர்களுக்கு வந்து சேர்ந்தன.

"அம்மணி இந்த ஊர்ப் பொண்ணுன்னு ஹம்தி சொன்னார்" என்றார் முக்தார் பே. "பருத்திக் குடும்பமாமே. அந்தக் காலத்து ஏற்றுமதிப் பெரும்புள்ளிகள்!"

இன்ஷிராவின் கையில் இறால் நின்றது. ஹம்தி மேசைக்கடியில் அவள் காலைத் தன் காலால் தொட்டார்.

"ஆமாம்" என்றாள். "பருத்தி."

[எகிப்தில் பாதிப் பேருக்குப் பருத்திப் பாட்டனார் ஒருவர் உண்டு. அத்தனை பேரும் உண்மையிலேயே பருத்தி விற்றிருந்தால், உலகத்தில் ஒருத்தர்கூட நைலான் சட்டை போட்டிருக்க வேண்டியதில்லை.]

உண்மையில் இன்ஷிராவின் வாப்பா விற்றது ஈரல். பஹரிப் பேட்டைத் தெருமுனையில் கைவண்டி, இரும்புக் கல், நீள ரொட்டி. அவர் இறந்தபின் அவளுடைய அண்ணன் கமீஸ் அந்த வண்டியைக் கடையாக்கினார். அந்தக் கமீஸ் இத்தாலியில் ஒலிவ எண்ணெய் வியாபாரம் செய்வதாகத்தான் நிஹாலுக்குச் சொல்லப்பட்டிருந்தது. வாப்பாவின் மையத்துக்கு இன்ஷிரா மட்டும் தனியாக வந்து, அன்றே திரும்பினாள். வாசலில் கமீஸ், "உன் வூட்டுக்காரருக்கு எங்க வாசப்படி கசக்குதுன்னா நீயும் ஏறாதே" என்றார். அவள் ஏறவில்லை. அண்ணன் தங்கை பேச்சு அதோடு நின்றது.

"சரி, நாளைக்கு எங்கே சாப்பாடு?" என்றார் முக்தார் பே, வாயைத் துடைத்தபடி. "நான் ஒரு இடம் பார்த்து வெச்சிருக்கேன். பஹரியிலே கமீஸ்னு ஒருத்தன் ஈரல் போடுறானாமே! யாரோ வீடியோ எடுத்துப் போட்டு ஊரே அங்கே நிக்குது. உங்களுக்குத் தெரியாம இருக்காதே ஹம்தி?"

ஹம்தி மீன்முள்ளை விழுங்கிவிட்டார். இருமி, தண்ணீர் குடித்து, கண் துடைத்து, "கேள்விப்பட்டிருக்கேன்" என்றார்.

4

இந்த இடத்தில் எனக்கு ஹம்தியின்மேல் சந்தேகம் வந்தது. அவர் சந்தேகப்படும்படி எதுவும் செய்துவிடவில்லை. நான்தான் அவரை ரொம்ப எளிதாகச் செய்கிறேனோ என்று தோன்றியது. பொய் சொல்லுகிற, போனைத் தூக்கிக்கொண்டு அலைகிற, மேலதிகாரிக்கு வளைகிற ஆள். அட்டையில் வெட்டின பொம்மை. அடித்தால் யாருக்கும் வலிக்காது.

அதனால் அடுத்த குடைக்காரியிடம் கேட்டேன். "அவரை எதுக்குக் கட்டிக்கிட்டீங்க?"

அவள் சிரித்துவிட்டாள். சொன்னாள்.

படிக்கிற காலத்தில் ஹம்தி ஒரு கோடைக்குப் பயிற்சிக்காக அலெக்சாந்திரியா வந்தார். ஒல்லி. சட்டை தொளதொளவென்று கிடக்கும். ஒருநாள் வண்டியில் ஈரல் ரொட்டி வாங்கினார். வண்டிக்குப் பின்னால் இன்ஷிரா ரொட்டி கீறிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து மூன்று வேளையும் ஈரல். வாப்பா வேண்டுமென்றே மிளகாயைக் கூட்டிப் போடுவார். ஹம்தி கண்ணீர் வழிய, மூக்கு ஒழுக, "இன்னொண்ணு குடுங்க" என்பார். வயிறு கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெளியே வந்ததும் நேரே வண்டிக்குத்தான் வந்தார். இளைத்து நாராகி நின்றவர், "இன்னொண்ணு" என்றார். அப்போதுதான் இன்ஷிரா முதல்முதலாக அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

ஆக, என்னுடைய வில்லன்தான் அந்த வண்டியில் அதிகமாகத் தின்றவர். உலகத்தில் ஒருவர் எதற்காகச் சாகத் துணிந்தாரோ அதையே பிற்பாடு மறைத்துக்கொண்டு திரிகிறார். இதற்கு ஹம்தியிடம் ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும். முதல் வேலை, முதல் விருந்து, "உங்க மாமனார் என்ன பண்றார்?" என்று யாரோ கேட்டிருப்பார்கள். 'பருத்தி' என்று வாயில் வந்திருக்கும். அப்புறம் அந்தச் சொல்லுக்குக் கோட்டும் டையும் மாட்டிக் காப்பாற்றவேண்டியதாயிற்று.

[அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அடுத்த பகுதியில் மறுபடி கோபம் வந்துவிட்டது.]

5

"நீ கறுப்புக் கண்ணாடி போட்டுக்கோ" என்றார் ஹம்தி மறுநாள் மாலை. "அந்தப் பெரிய தொப்பியும். அவன் உன்னைத்தான் சட்டுனு கண்டுபிடிப்பான். என்னை மறந்திருப்பான், நான் வெயிட் போட்டுட்டேன்."

"அப்ப நான் வராமலே இருந்துடறேன்."

"முக்தார் பே கேப்பாரே! ஒரு மணி நேரம் இன்ஷிரா. சாப்பிடறோம், புகழறோம், போயிடறோம். இந்த நாற்காலி யாருக்காகன்னு நினைக்கிறே? நிஹாலுக்காகத்தானே?"

"எனக்கு நாற்காலி வேணாம் டாடி" என்றாள் நிஹால். "எதுக்கு மம்மி மாறுவேஷம் போடணும்? அதைச் சொல்லுங்க."

"வெயில்."

"சூரியன் இறங்கிடுச்சு டாடி."

பஹரியில் வரிசை மசூதித் திருப்பம்வரை நீண்டிருந்தது. உள்ளே நாலு மேசை. வெளியே மனிதத் தலைகளுக்குமேல் புகை. ஹம்தி முன்னால், அவரை ஒட்டி முக்தார் பே, பின்னால் நிஹால், கடைசியில் தொப்பியும் கண்ணாடியுமாக இன்ஷிரா. வரிசை நகர நகர வாசம் நெருங்கியது. கல்லில் கரண்டி மோதும் சத்தம் வாப்பாவின் சத்தமாகவே இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்களைத் துடைத்துக்கொள்ள முடியாமல் விட்டுவிட்டாள்.

கமீஸ் கல்லுக்குப் பின்னால் நின்றார். தலை நரைத்து, தோள் அகன்று, வாப்பா மாதிரியே. நிமிர்ந்தார். ஹம்தியைப் பார்த்தார். அவர் கை ஒரு நொடி நின்று, மறுபடி கிளறியது.

"வாங்க பாஷா" என்றார். "நம்ம கடைக்கு முதல் தடவையா?"

ஹம்தி விலைப்பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆமா. முதல் தடவை."

"அப்படியா. பார்த்த முகமாத் தெரிஞ்சுது. நமக்கு ஆயிரம் முகம் வருது, விடுங்க."

முக்தார் பேக்குப் பேச்சு வேண்டியிருந்தது. "இந்தக் கைமணம் யாருடையது? நீங்களே ஆரம்பிச்சதா?"

"எங்க வாப்பா, பே. கைவண்டியிலே. அப்ப நான் ரொட்டி அடுக்கிக்கிட்டிருந்தோம். எங்க தங்கச்சி ரொட்டி கீறுவா." கமீஸ் ஈரலை வாரிக் கல்லில் கொட்டினார். சீறியது. அந்தச் சீறலுக்குமேல் குரலை உயர்த்தினார். வரிசை முழுக்கக் கேட்டது. "ஒரு கோடையிலே கெய்ரோலேருந்து ஒரு பையன் வந்தான். காலையிலே ஒண்ணு, பகல்லே ஒண்ணு, அந்திக்கு ஒண்ணு. மூக்கு ஒழுகும், விடமாட்டான். எங்க வாப்பா உம்மாகிட்டே சொன்னாரு, 'இந்தப் பய ஈரல் திங்க வரலேடி. நம்ம ஈரக்குலையைப் பிடுங்க வந்திருக்கான்'னு."

வரிசை சிரித்தது. முக்தார் பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹம்தியும் சிரித்தார், முகத்தில் ரத்தமேயில்லாமல்.

"அப்புறம்?"

"கட்டிக்கிட்டுப் போனான். கலியாணத்துக்கு ரெண்டு அண்டா ஈரல் வறுத்து, ரயில்லே தூக்கிக்கிட்டுப் போனோம். பின்வாசல் வழியாத்தான் வாங்குனாங்க. அண்டாவை மட்டுமில்லே, எங்களையும்."

சிரிப்பு நின்றது. யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

"அந்தத் தங்கச்சி இப்ப எங்கே?" என்றார் முக்தார் பே தணிந்த குரலில்.

கமீஸ் கல்லையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "மௌத்தாயிட்டா, பே."

"அல்லாஹ் அவங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும்" என்றார் முக்தார் பே. வரிசை முழுதும் முணுமுணுத்தது. "பாவம், சின்ன வயசா?" என்றாள் ஒருத்தி. இன்ஷிராவுக்குப் பின்னால் நின்றவர் இரண்டு கையையும் ஏந்தி ஃபாத்திஹா ஓத ஆரம்பித்தார். அவர் ஒரு வரி முடிக்கும்வரை அவள் பொறுத்தாள். ஹம்தி ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள். ஹம்தியும் கையை ஏந்தியிருந்தார்.

"அய்யோஹ்!"*

எல்லாரும் திரும்பினார்கள்.

"நான் சாகலே! நான் உசுரோடதான் இருக்கோம்!"

* மொழிபெயர்ப்பு அல்ல. இந்த ஊரார் ஆச்சரியத்துக்கும் எரிச்சலுக்கும் இப்படியேதான் கூவுவார்கள். நான் இங்கே வந்திறங்கிய அன்று துறைமுக வாசலில் இதைக் கேட்டுவிட்டு, யாரோ நம் ஊர்க்காரர் அடிபட்டுவிட்டார் என்று ஓடினேன்.

6

முழு வாக்கியமும் ஊர் வழக்கில் வந்துவிட்டது. நான், இருக்கோம். வருஷக்கணக்காகத் திருத்தி வைத்த நாக்கு ஒரே மூச்சில் வீடு திரும்பியது. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அவள் யாரென்று புரிந்துவிட்டது.

கல்லில் ஈரல் கருகியது. கமீஸ் கவனிக்கவில்லை.

"தெரியும்டி" என்றார். "தெருமுனையிலே திரும்பும்போதே நடையைப் பார்த்துட்டோம். அந்தக் கண்ணாடியைக் கழட்டு."

கழற்றினாள்.

நிஹால்தான் முதலில் பேசினாள். "நீங்க… மாமா இத்தாலியிலே இல்லையா?"

"இத்தாலியா? நான் கெய்ரோவுக்கே ஒரு தடவைதான் போயிருக்கோம், மவளே. அதுவே போதும்னு ஆயிடுச்சு."

முக்தார் பே ஹம்தியின் பக்கம் முழு உடம்போடு திரும்பினார். "ஹம்தி. இவரோட மாப்பிள்ளையா நீங்க? பருத்தின்னு சொன்னீங்களே?"

[இந்த இடத்துக்காக ஒன்றரைப் பக்கம் தயாராக வைத்திருந்தேன். ஹம்தி தலைகுனிகிறார், நாற்காலி கைநழுவுகிறது, வரிசை அவரை ஏளனமாகப் பார்க்கிறது, தர்மம் ஈரல் புகையில் மேலெழுகிறது. நல்ல பக்கம். கிழித்துவிட்டேன். ஏனென்றால் நடந்தது வேறு.]

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கத்தினார் முக்தார் பே. "கமீஸ் உங்க மச்சானா இருந்தும் என்னை இத்தனை நேரம் வரிசையிலே நிக்க வெச்சீங்களே!"

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் புகை கலைந்தது. பருத்தியின் காலம் எப்போதோ போய்விட்டது. இப்போது ஈரலின் காலம். ஊரே வீடியோவில் பார்க்கும் கடைக்கு மாப்பிள்ளை என்றால், அது பாஷா பட்டத்துக்குச் சமம். இதை ஹம்தி ஒருவர்தான் அறிந்திருக்கவில்லை. ஆனால் அவர் மந்தமானவர் அல்ல. அறிந்துகொள்ள அவருக்குத் தேவைப்பட்டது ஒரு மூச்சிழுக்கும் நேரம்.

"மச்சான்!" என்று கல்லைச் சுற்றி ஓடினார். கமீஸின் தோளில் கை போட்டார். மற்றக் கையில் போன் தானாக முளைத்தது. "பே, இது எங்க குடும்பக் கடை. என் மாமனார் வெச்ச மசாலா. நான் இந்த ஈரல் தின்னே வளர்ந்தவன். நிஹால், இங்கே வந்து நில்லு, வெளிச்சம் நல்லா இருக்கு!"

"கையை எடுங்க மாப்பிள்ளே" என்றார் கமீஸ். "எண்ணெய் தெறிக்கும்."

[அரபியில் அவர் சொன்ன சொல்லுக்கு 'சம்பந்தக்காரரே' என்றுதான் பொருள். ஆனால் பல்லுக்கிடையில் அரைத்துத் துப்ப நம் 'மாப்பிள்ளே' போல வேறு சொல் இல்லை.]

இன்ஷிரா பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தன் வீட்டாரை மறைத்தபோது வலித்தது உண்மை. இப்போது அவர் அதே வீட்டாரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஆடும்போது அதைவிட வலித்தது. முன்பாவது அது அவளுடையதாக, உள்ளே ஒளித்துவைத்ததாக இருந்தது. அதையும் இப்போது அவர் எடுத்துக்கொண்டார்.

கமீஸ் கருகினதை வழித்து எறிந்துவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் போட்டார். எள்ளுக்கரைசல் இல்லாமல், மிளகாய் தூக்கலாக, ஒரு ரொட்டியில் அடைத்துத் தங்கையிடம் நீட்டினார். கேட்கவில்லை. அவள் எப்படித் தின்பாள் என்று அவருக்கு நினைவிருந்தது.

"கடிக்காதே இன்ஷிரா! பொறு, ஒரே ஒரு படம்—"

கடித்தாள். நாக்கு சுட்டது.

போகும்போது கமீஸ் அவள் காதருகே குனிந்தார். "வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பொறவு வீட்டுக்கு வா. கடைக்கு இல்லே. உன் மைனி மீன்சோறு ஆக்குவா."

"காக்கா… அவரு?"

"ஒன் வீட்டு ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வா. போனையும் பேயையும் கூட்டிக்கிட்டு வராதே."

[பே, பேய் என்ற சிலேடை அரபியில் கிடையாது. தமிழ் எனக்குக் கொடுத்த கொசுறு. வைத்துக்கொள்கிறேன்.]

7

இனிமேல்தான் நான் கதைக்குள் வருகிறேன். வியாழக்கிழமை, மந்தரா கடற்கரை, அடுத்தடுத்த இரண்டு குடைகள். இன்ஷிரா எனக்குப் பாதி ஃப்ரெஸ்கா ஒடித்துக் கொடுத்தாள். தேன் ஒழுகும் அந்த அப்பளத்தைத் தின்று முடிப்பதற்குள், மேலே நீங்கள் படித்ததையெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். நிஹால் தண்ணீரில் இருந்தாள். ஹம்தி ஈரமணலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். காற்று எங்கள் பக்கமே அடித்தது.

"வீட்டுச் சாப்பாடு பே! கடையிலே கிடைக்காது! நீங்களும் உங்க வீட்டு மதாமும் வரலேன்னா என் மச்சான் மனசு உடைஞ்சிடும்!"

"கூப்பிட்டாச்சு" என்றாள் இன்ஷிரா. "எங்கிட்டே கேக்கவேயில்லே. கேக்கணும்னு அவருக்குத் தோணவும் இல்லே. கெட்டவர் இல்லே, பாருங்க. சந்தோஷத்திலே இருக்காரு. இத்தனை வருசமா முதுகிலே சுமந்த பொய்யை இறக்கி வெச்சிட்டாரு, அந்த லேசு அவரைத் தூக்கிக்கிட்டுப் பறக்குது. ஆனா எங்க காக்கா வாசக் கதவை ஒரு தடவைதான் திறப்பாரு."

பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க எழுதுறவங்களாமே. இதை எழுதினா எப்படி முடிப்பீங்க?"

நான் தயாராகத்தான் இருந்தேன். எழுதுகிறவளுக்கு முடிவா பஞ்சம்?

முதல் முடிவு சொன்னேன். கெய்ரோ வாழ்க்கையை உதறிவிட்டு நீங்கள் கல்லுக்குப் பின்னால் போய் நிற்கிறீர்கள், கையில் வாப்பாவின் கரண்டி, முகத்தில் தீயின் வெளிச்சம்.

"அந்தச் சூட்டிலே நின்னு நின்னுதான் எங்க உம்மாவுக்குக் கால் யானைக்கால் மாதிரி வீங்குச்சு. நான் நிக்க மாட்டோம்."

இரண்டாவது. நீங்களும் நிஹாலும் மட்டும் போகிறீர்கள். ஹம்தி கடற்கரைச் சாலையில் ஒரு கடையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். படமெடுக்கிறார். காட்ட ஆளில்லை.

"அவரு தனியாச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லே. பாவம்" என்றாள். சொன்னதற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டு மணலை அள்ளி வீசினாள்.

மூன்றாவது. ஹம்தி திருந்துகிறார். எல்லாரும் பார்க்கப் போனைக் கடலில் வீசுகிறார்.

இன்ஷிராவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "போனைப் போடுவாரா? முதல்லே என்னைப் போடுவாரு!"

நான்காவது முடிவுக்காக நான் வாயைத் திறந்தபோது—

8

அவளுடைய பையில் போன் அடித்தது. எடுத்தாள். பின்னணியில் மீன் ஏலச் சத்தம், அதற்குமேல் கமீஸ்.

"நான் சந்தையிலே நிக்கிறோம். நல்ல மீன் வந்திருக்கு. எத்தனை தட்டு வைக்கணும்னு உன் மைனி கேக்குறா. சொல்லு, அதுக்குத் தக்கன வாங்குறோம்."

இன்ஷிரா போனைக் காதில் வைத்தபடியே ஹம்தி நின்ற பக்கம் பார்த்தாள்.

தண்ணீரிலிருந்து நிஹால் ஏறி வந்தாள். முடியைப் பிழிந்தபடி அம்மாவின் முகத்தைப் பார்த்து, யார் என்று புரிந்துகொண்டு, பக்கத்தில் மண்டியிட்டாள். "மம்மி, நான் உங்ககூட வருவேன். டாடியைப் பத்தி நீங்களே முடிவு பண்ணுங்க. எங்கிட்டே கேக்காதீங்க, எனக்கு அவர்மேலே கோவமா இருக்கு, அதனாலே நான் சரியாச் சொல்லமாட்டேன்."

தூரத்தில் ஹம்தி திரும்பினார். இவர்களைப் பார்த்தார். கமீஸாகத்தான் இருக்கும் என்று யூகித்திருக்க வேண்டும். முகமெல்லாம் மலர்ந்து, மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கிறவர் போல, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். "அஞ்சு! அஞ்சுன்னு சொல்லு!" தொப்பை குலுங்க அவர் மணலில் ஓடி வந்ததைப் பார்த்தபோது, மூக்கு ஒழுக 'இன்னொண்ணு' கேட்ட அந்த ஒல்லிப் பையன் எனக்கே தெரிந்தான். இவள் கண்ணுக்குத் தெரிந்திருக்காதா?

"கேக்குதாடி?" என்றார் கமீஸ். "இந்த மீன்காரன் அடுத்த ஆளுக்குத் தூக்கிக் குடுத்துருவான்."

இன்ஷிரா என்னைப் பார்த்தாள். நான் எழுதுகிறவள், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிப் பார்த்தாள். இரண்டு என்றால் வீடு உடையும். மூன்று என்றால், கையில் போனோடு நிற்கும் ஒருவரிடம் 'முக்தார் பே வரக்கூடாது' என்று சொல்லி, நாற்காலியோடு விளையாட வேண்டும். ஐந்து என்றால் கதவு மறுபடி சாத்திக்கொள்ளும், இந்த முறை உள்ளிருந்து. ஒன்றுமில்லை என்றும் சொல்லலாம். எனக்கு ஒவ்வொன்றையும் நாலு பக்கம் அழகாக எழுதத் தெரியும். எது சரி என்று தெரியாது.

அதனால் அவள் வாயைத் திறந்த இடத்தில் நான் எழுந்து கடலுக்குள் போய்விட்டேன். முழுகினேன். தண்ணீருக்கடியில் எண்கள் கேட்பதில்லை.

போன் இப்போது உங்கள் கையில். ஹம்தி வந்து சேர இன்னும் பத்தடி இருக்கிறது. மறுமுனையில் கமீஸ் நிற்கிறார், அவர் பொறுமைசாலி அல்ல.

சொல்லுங்கள். எத்தனை தட்டு?